கையைக் கழுவிட்டு வாங்க, புள்ளையைத் தொடலாம்!

சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம், ஊத்துக்குளி வட்டாரத்திலிருந்து வந்த இந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அதைத் தொற்றும் கிருமி. 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்று 2023-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் நேர்ந்த சோதனை அல்ல.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாசத்துலயே பொறந்துருச்சுங்க. ஒன்றரைக் கிலோ. பெட்டியில வெச்சிருக்காங்க. நாலாம் நாள் ‘ரத்தத்துல கிருமி’ன்னு சொல்லிப்போட்டாங்க. பெட்டிக்குள்ள இருக்கற புள்ளைக்குக் கிருமி எங்கிருந்துங்க வந்துச்சு? ஏழாம் மாசத்துப் புள்ளை தங்கும், எட்டாம் மாசத்துது தங்காதுங்கறாங்களே, அது நெசமுங்களா?
– ஓர் அமுச்சி, சென்னிமலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நிஜமில்லை. கருவில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரலும் குடலும் தோலும் முதிர்கின்றன. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையைவிட எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

கிருமி விஷயம் கொஞ்சம் விரிவானது. நோயை எதிர்க்கும் புரதங்கள் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் போகிறது. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை. தோலும் மெல்லியது, நெசவு தெரிந்த சென்னிமலைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இழை நெருங்காமல் நெய்த துணி மாதிரி. ஊசி குத்திய இடம், சுவாசக் குழாய், மூக்கு வழியாகப் பால் செலுத்தும் குழாய், ரத்தக்குழாயில் செருகிய வடிகுழாய் என்று உயிரைக் காப்பாற்ற வைத்த ஒவ்வொன்றும் கிருமிக்கும் ஒரு வாசலாகிவிடுகிறது.

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்றைப் பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வந்தது என்றும், அதற்குப் பிறகு வருவதைச் சுற்றுப்புறத்திலிருந்து வந்தது என்றும் பாடப்புத்தகங்கள் பிரிக்கின்றன. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு இந்தப் பிரிவினையை அசைத்துப் பார்த்தது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகள் அதில் கண்காணிக்கப்பட்டார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சற்று அதிகமானோருக்கு ரத்தத் தொற்று. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று நாளிலேயே வந்தது. முன்னால் வந்ததிலும் பின்னால் வந்ததிலும் ஏறக்குறைய ஒரே கிருமிகள்தான் இருந்தன: அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை. இவற்றில் முதல் இரண்டும் மருத்துவமனைச் சூழலில் ஊறிப்போனவை. பிரசவ அறையிலேயே, ஏதோ ஒரு கையிலிருந்தோ கருவியிலிருந்தோ கிருமி குழந்தைக்கு ஏறியிருக்கலாம் என்ற சந்தேகத்தை அது வலுவாக்கியது.

ஆகவே மகள் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று வீட்டில் விசாரணை வைக்க வேண்டாம். எட்டாம் மாதமும் காரணமில்லை, கிரகமும் காரணமில்லை.

கேள்வி: நேத்து வரைக்கும் நல்லாப் பால் குடிச்ச குழந்தை இன்னைக்கு வாயே வைக்க மாட்டேங்குது. காய்ச்சல் இல்லை, தொட்டா சில்லுன்னு இருக்கு. அம்மா இது சீர், மந்திரிச்சா போயிரும்ங்கறாங்க. காய்ச்சல் வந்தாத்தானே பயப்படணும்?
– ஓர் இளம் தந்தை, காங்கேயம்

பதில்: காத்திருக்கக் கூடாது, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நிலை இது. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் உடம்பு சுடும். குறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் உடம்பு குளிரும். அதன் உடலில் காய்ச்சலை மூட்டும் அளவுக்குத் தெம்பு இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் அபாய அறிகுறிகளாகச் சொல்பவை: பால் குடிக்காமல் போவது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிவது, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது அல்லது 35.5-க்குக் கீழே இறங்குவது, தூண்டினால் மட்டும் அசைவது அல்லது அசையாமலே கிடப்பது. குறைமாதக் குழந்தைகளிடம் மூச்சு சில நொடிகள் நின்று நின்று வருவது, வயிறு உப்புவது, பச்சையாக வாந்தி எடுப்பது, தோல் வெளிறியோ சாம்பல் பூத்தோ போவது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மூச்சை எண்ணும்போது குழந்தை அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்.

சீர், மாந்தம், தோஷம் என்று நம் ஊரில் பெயர் சூட்டப்படுகிற பலவற்றில் இதே அறிகுறிகள்தான் இருக்கின்றன. பாட்டிமார் கண்ணுக்கு முதலில் படுகிறது என்பது நல்லதே. பெயர் சூட்டிய கையோடு மந்திரிக்கப் போவதில்தான் நேரம் கழிகிறது. ரத்தத் தொற்றில் சில மணி நேரம் என்பதே பெரிய தாமதம்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி, மருத்துவமனை எட்டாத அந்தக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையைப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், தொற்றின் அறிகுறி தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். 1999-இல் ‘லான்செட்’டில் வெளியான முடிவின்படி, ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம் 25-க்கு இறங்கியது. வீட்டுக்கே போய்க் குழந்தையைப் பார்க்கும் அரசுத் திட்டத்துக்கு அதுதான் விதை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம், குழந்தை தூங்குகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் எழுப்பிக் காட்டுவது நல்லது.

கேள்வி: ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினாங்க. முடிவு வர ரெண்டு மூணு நாளாகுமாம். அதுக்குள்ள ஊசி ஆரம்பிச்சாச்சு, அப்புறம் மருந்தை மாத்தவும் மாத்தினாங்க. முதல்லயே பெரிய மருந்தைப் போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமில்ல?
– ஒரு பெரியப்பா, பெருந்துறை

பதில்: கல்ச்சர் என்பது குழந்தையின் ஒரு மில்லி அளவு ரத்தத்தில் கிருமி இருந்தால் அதை வளர்த்துப் பார்ப்பது. வளர்வதற்கு அதற்கும் அவகாசம் வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாது என்பதால் ஊகத்தின் பேரில் மருந்து தொடங்கப்படுகிறது. வழக்கமாக முதலில் கை வைப்பது ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஜோடி மீது. மருத்துவமனையில் எந்தக் கிருமி அதிகம் நடமாடுகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். கல்ச்சர் வந்ததும் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பது தெரிந்துவிடும். மருந்தை மாற்றுவது அதனால்தான். முதலில் போட்டது தவறு என்பதால் அல்ல.

பெரிய மருந்தை எல்லாக் குழந்தைக்கும் முதலிலேயே போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே டெல்லி ஆய்வில் பதில் இருக்கிறது. அங்கே கிடைத்த அசினெட்டோபாக்டர் கிருமிகளில் நூற்றுக்கு 82-உம், கிளெப்சியெல்லாவில் 54-உம் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காதவை. கல்ச்சரில் கிருமி உறுதியான குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தார்கள். கடைசியில் கைகொடுக்க வேண்டிய மருந்துகள் தேய்ந்துகொண்டே வருகின்றன.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தையும் தெளிவாக இருக்கிறது என்றால் 48 மணி நேரத்தில் ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பல சமயம் நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தில் கிருமி உறுதியானால் 10 முதல் 14 நாள், மூளைக்காய்ச்சல் வரை போயிருந்தால் பெரும்பாலும் 21 நாள். அதைப் பார்க்கத்தான் முதுகுத்தண்டில் நீர் எடுக்கிறார்கள். அந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போடக் குடும்பங்கள் தயங்குகின்றன. நீர் எடுத்ததால் கால் வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

கேள்வி: குழந்தை உள்ளே, நான் வெளியே. பாலும் ஊறவில்லை. பவுடர் பால் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். தெருவில் கழுதைப் பால் வந்தால் ஒரு சங்கு ஊற்றலாம், சளி பிடிக்காது என்கிறார் மாமியார்.
– ஒரு தாய், ஊத்துக்குளி

பதில்: கழுதைப் பால் வேண்டவே வேண்டாம். காய்ச்சாமல் தெருவில் கறந்து கொடுக்கும் எந்தப் பாலும் கிருமியோடுதான் வரும். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை தொட்டு வைப்பது எதுவும் குறைமாதக் குழந்தையின் நாக்கில் படக் கூடாது.

பால் ஊறவில்லை என்பது பெரும்பாலும் முதல் சில நாள் பிரச்சினை. குழந்தை சப்பாததால் மார்புக்குத் தகவல் போகவில்லை, அவ்வளவே. பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் விடாமல் கையால் பீய்ச்ச வேண்டும். முதலில் வருவது சொட்டுக் கணக்குச் சீம்பால். ‘இது எதற்குப் போதும்’ என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. நஞ்சுக்கொடி வழியாக வந்து சேராத பாதுகாப்பில் ஒரு பங்கு அந்தச் சொட்டுகளில் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் கொடிய நோயொன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வருவது குறைவு.

மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியதன் பின்னணியும் இதுதான்: பாட்டில் பாலோடு உள்ளே வந்த தொற்றுக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த அனுபவம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இப்போது தாய்ப்பால் வங்கி உண்டு. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் குளிரவைத்துச் சேமிக்கிறார்கள். தாயின் பால் கிடைக்காதபோது அடுத்த இடம் இதற்குத்தான்.

பவுடர் பால் டப்பா சீல் வைத்திருந்தாலும் கிருமியே இல்லாதது அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த மாவிலும் உயிரோடு இருக்கும். மருத்துவர் சொல்லித் தவிர்க்க முடியாமல் கொடுப்பதாக இருந்தால், கொதித்து 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, ஆறவைத்து, உடனே கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாட்டில் வேண்டாம். இடுக்கில்லாத பாலாடையைக் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது.

கேள்வி: நான் தறி ஓட்டறவனுங்க. நர்சம்மா குழந்தையை அம்மா மாரோட கட்டி வைக்கச் சொல்றாங்க, அப்பாவும் வைக்கலாம்ங்கறாங்க. நூல் பஞ்சும் வேர்வையும் பட்ட உடம்புங்க இது. கிருமி ஒட்டாதுங்களா?
– ஒரு நெசவாளர், சென்னிமலை

பதில்: குளித்து, துவைத்து வெயிலில் காய்ந்த முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வைத்தால் ஒட்டாது. சளி, இருமல், தோலில் புண் இருந்தால் மட்டும் ஆறும்வரை வேறொருவர்.

கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற இந்த முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர் இல்லாத மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. ஏழை நாட்டுக்கான மாற்று என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2021-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து, 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளில் ஒரு பாதியைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில் வைத்தன. மறுபாதி, உடல்நிலை சீரானபின் வைக்கும் பழைய வழக்கப்படி. நெஞ்சில் வைத்த பக்கம் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள், மறுபக்கம் 15.7 பேர். ரத்தத் தொற்றுச் சந்தேகமும் 27.8-இலிருந்து 22.9-க்குக் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது: பிறந்ததிலிருந்தே, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்.

தொற்று ஏன் குறைகிறது? தாயின் தோலில் வாழும் கிருமிகள் குழந்தைக்குப் பழகியவை. அவை முதலில் இடம்பிடித்தால் மருத்துவமனைக் கிருமிக்கு இடம் குறையும். அதோடு தாயே பார்த்துக்கொள்வதால் வேற்றுக் கைகள் படுவது குறைகிறது, பாலும் நன்றாகச் சுரக்கிறது.

கட்டுவதற்குத் தனித் துணி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் மெத்தென்ற பருத்தித் துணி போதும். குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல், கழுத்து மடியாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐ.சி.யூ. வாசலில் மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றச் சொல்கிறார்கள். சாமி கயிற்றையுமா கழற்றுவது?
– ஓர் அத்தை, வெள்ளோடு

பதில்: ஆமாம். மோதிரத்துக்கு அடியிலும் நனைந்து காயும் கயிற்றிலும் சோப்பு எட்டாது. கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முழங்கை வரை இரண்டு நிமிடம் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் உள்ளே போகலாம். உள்ளே போனபின் கைப்பேசியைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். குழந்தையின் இடுப்பில் அரைஞாண், கையில் வசம்பு வளையல் கட்டுவதை வீட்டுக்கு வந்து எடை ஏறும்வரை தள்ளிப்போடலாம். தொட வருகிற மருத்துவரிடமும் செவிலியரிடமும் ‘கை கழுவிட்டீங்களா?’ என்று பணிவாகக் கேட்க அத்தைக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: 1 கிலோ 900 எடையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டலாமா? தொப்புளுக்கு என்ன வைப்பது?
– ஒரு பாட்டி, அரச்சலூர்

பதில்: தொப்புளுக்கு எதுவும் வைக்காமலிருப்பதே மருந்து. மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் வேண்டாம். உலர்ந்து தானாக விழட்டும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வடிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

எண்ணெயைப் பாட்டிமார் முற்றிலும் தப்பாகச் சொல்லவில்லை. டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் மெல்லத் தடவியதில் மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் ஆய்வு வந்தது. ஆனால் அது தடவியது. அழுத்தித் தேய்த்து, கை காலை இழுத்து, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதியது அல்ல. வாயால் ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் கிருமியை நேரே உள்ளே செலுத்தும் வேலை. தலைக்கு ஊற்றுவதை எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்வரை தள்ளிவைத்து, ஈரத்துணியால் துடைக்கலாம். சாம்பிராணிப் புகை முதிராத நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: நல்ல கிருமி உள்ள புரோபயாட்டிக் பவுடர் கொடுத்தால் கெட்ட கிருமி அண்டாது என்று படித்தேன். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்து, 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 40 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவை 35 வாரமாவது நிறைந்து, 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்த குழந்தைகள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அந்த ‘நல்ல’ கிருமியே ரத்தத்தில் ஏறிவிடும் ஆபத்து உண்டு. ஒரு குழந்தை இறந்ததையொட்டி 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

கேள்வி: முதல் குழந்தை குறைமாதம். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். இந்தத் தடவை எப்படித் தற்காப்பது? செலவும் பயமாக இருக்கிறது.
– ஒரு கர்ப்பிணி, சிவன்மலை

பதில்: முன்பு குறைமாதம் என்பதைப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று வலியே இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, பனிக்குட நீர் கசிவது இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். பனிக்குடம் உடைந்தபின் நேரம் போகப் போகக் கிருமி மேலேறும்.

34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு, போடுவார்கள். இந்த ஊசி முறையின் அடிப்படையை 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் நிறுவினார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்ந்தால் செயற்கைச் சுவாசக் குழாயின் தேவை குறையும், அதன் வழி வரும் தொற்றும் குறையும். பிறந்தபின் குழந்தையை வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குத் தாயைக் கொண்டுபோவது மேல். ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாகவே பெயர் பெற்ற பெருந்துறை வளாகத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கலென்றால் கோவை. 108 வண்டிகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வசதி செய்தவையும் உண்டு. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும், போக்குவரத்தும் இலவசம்.

கேள்வி: பிழைத்து வந்தால் சென்னிமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டோம். வந்துவிட்டான்! இரண்டு மாதம் ஆகிறது. எப்போது போகலாம்?
– ஒரு தாத்தா, சென்னிமலை

பதில்: தடுப்பூசி முதலில். அதைப் பிறந்த தேதியை வைத்தே கணக்கிட வேண்டும், குறைந்த மாதங்களைக் கழித்துக்கொள்ளக் கூடாது. ஆறாம் வாரத்து ஊசிகள் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்க்கவும். கூட்டம் கூடும் விழா நாட்களையும், சளி பரவும் மழைக்காலத்தையும் தவிர்த்து, ஆறு மாதம் போல ஆனபின், மருத்துவர் எடையைப் பார்த்துச் சரி என்றதும் தேதி வைத்துக்கொள்ளலாம். 1,320 படி ஏற வேண்டியதில்லை, மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது. மொட்டை அடிக்கும்போது கத்தியில் புது பிளேடை உங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லவும். அதற்கு முன் மொட்டை அடிப்பவரும் கையைக் கழுவிக்கொள்ளட்டும்.